அலுவலகக் குழுவோடு மரம் நடும் நாள்: தண்ணீரிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

நிறுவன ஊழியர்களை அழைத்துப்போய் மரக்கன்று நடும் நாட்களைப் பலமுறை முன்நின்று நடத்தியிருக்கிறேன். முதல்முறை நட்டதில் பாதிக்கு மேல் ஆறு மாதத்தில் பட்டுப்போனது. வந்தவர்களின் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. நான் வேலைகளை அடுக்கிய வரிசைதான் தவறு. தேதியைக் குறித்தேன், எண்ணிக்கையை அறிவித்தேன், கன்று வாங்கினேன், அதன்பின் இடம் தேடினேன். தண்ணீரைப் பற்றி நட்ட பிறகுதான் யோசித்தேன்.

அந்த வரிசையைத் தலைகீழாக்கி, ஒவ்வொரு முறையும் திருத்திக்கொண்டே வந்த நடைமுறை இது. ஒரு படியில் கிடைக்கும் விடையை வைத்துத்தான் அடுத்த படியை முடிவுசெய்ய முடியும் என்பதால் வரிசையை மாற்ற வேண்டாம்.

1. தண்ணீர் ஊற்றப்போகிறவரை முதலில் கண்டுபிடியுங்கள்

நட்ட முதல் சில வாரங்களில் கன்றின் வேர், நாற்றுப்பையில் இருந்த மண்கட்டியைத் தாண்டிப் பெரிதாகப் போயிருக்காது. சுற்றிலும் நிலம் ஈரமாக இருந்தாலும் அதை எட்டிப் பிடிக்க வேர் இல்லை. அந்தச் சிறு மண்கட்டி காய்ந்தால் கன்றும் காயும்.

அதனால் முதல் கேள்வி: நட்ட முப்பதாவது நாள் காலையில் இந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப்போவது யார்? ஒரு ஆளின் பெயர் விடையாக வர வேண்டும். "நிறுவனம் பார்த்துக்கொள்ளும்", "பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்ற பதில்களை நம்பி நான் நட்ட கன்றுகள் எதுவும் மிஞ்சவில்லை.

ஆள் கிடைத்த பிறகு அவரிடமே கேளுங்கள். ஆண்டின் மிக வறண்ட மாதத்தில் தண்ணீர் எங்கிருந்து வரும்? குழாய் கடைசிக் கன்று வரை எட்டுமா? அவர் விடுப்பில் போனால் யார் வருவார்? இரண்டு கோடைகளாவது கடக்கும் வரை அவருக்கான சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து போகும்? விடைகளை எழுதி, நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மொத்த நிதியில் பாதியையாவது நட்ட நாளுக்குப் பிந்தைய பராமரிப்புக்கு ஒதுக்காத வேலையை நான் இப்போது ஏற்பதில்லை.

2. மண்வெட்டியோடு போய் இடத்தைப் பாருங்கள்

படத்தில் பார்த்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். நேரில் போய் மூன்று நான்கு இடங்களில் தோண்டிப் பாருங்கள். மேலே நல்ல மண்ணாகத் தெரியும் இடத்தில் ஒரு சாண் கீழே கட்டடக் கழிவு கிடக்கலாம்.

முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். பிறகு மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் அப்படியே நின்றால் அங்கே வடிகால் இல்லை. பெரும்பாலான மரங்களின் வேர் அங்கே மூச்சுத்திணறி அழுகும். நீர் தேங்குவதைத் தாங்கும் வகைகளைத் தேர்ந்தெடுங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள்.

தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா, தரைக்குள் குழாயோ கேபிளோ இருக்கிறதா, ஆடு மாடு மேய வருகிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே சாலையோ கட்டடமோ வரும் திட்டம் உண்டா என்றும் கேளுங்கள்.

வெறுமையாகக் கிடக்கும் எல்லா நிலத்துக்கும் மரம் தேவைப்படுவதில்லை. இயற்கையான புல்வெளியிலும் சதுப்பு நிலத்திலும் தரையில் கூடு கட்டும் பறவைகள் முதல் பூச்சிகள் வரை வாழ்கின்றன. அங்கே மரத்தை நெருக்கி நட்டால், நிழல் விழுந்து அந்த வாழிடமே மாறிவிடும். அப்படிப்பட்ட இடத்தை விட்டுவிட்டு, முன்பு மரம் இருந்து அழிந்துபோன இடத்தைத் தேடுங்கள்.

3. எண்ணிக்கையைக் கையிலிருந்தும் வாளியிலிருந்தும் கணக்கிடுங்கள்

"ஆயிரம் கன்று நடலாமே" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வார். ஆசை நல்லதுதான், ஆனால் கணக்கு வேறு மாதிரி வரும்.

அறுபது பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு ஒரு குழு என்றால் 15 குழுக்கள். குழி தயாராக இருந்தாலும், புதியவர்கள் ஒரு கன்றைச் சரியாக நட்டு, தண்ணீர் ஊற்றி, மூடாக்கு (ஈரம் காக்க மண்மேல் பரப்பும் இலைதழை) போட்டு, சரிபார்த்து முடிக்க 20 நிமிடம் ஆகும். உண்மையில் நடும் நேரம் இரண்டு மணிதான் கிடைக்கும். ஆக, குழுவுக்கு 6 கன்று, மொத்தம் 90.

இனி வாளிக் கணக்கு. கன்றுக்கு 15 லிட்டர் என்றால் 90 கன்றுக்கு ஒரு முறைக்கு 1,350 லிட்டர். வாரம் இருமுறை என்றால் 2,700 லிட்டர். முதல் படியில் நீங்கள் கண்டுபிடித்த ஆளாலும் தண்ணீராலும் இதைத் தாங்க முடியுமா? முடியாதென்றால் எண்ணிக்கையை இன்னும் குறையுங்கள்.

இடத்தின் அளவும் ஒரு வரம்பு. மூன்று மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேருக்கு 1,111 கன்று கொள்ளும். ஐந்து மீட்டர் என்றால் 400 மட்டுமே.

கூட்டம் அதிகமாகிவிட்டால் கன்றைக் கூட்டாதீர்கள், வேலையைக் கூட்டுங்கள். மூடாக்குக்கு இலைதழை சேர்ப்பது, வேலி கட்டுவது, சென்ற ஆண்டு நட்ட கன்றுகளுக்குக் களை எடுப்பது எல்லாம் மரத்தைக் காப்பாற்றும் வேலைகள்தான். நிர்வாகத்துக்கு அறிவிக்க ஒரு எண் வேண்டுமென்றால், ஓராண்டு கழித்து உயிரோடு நிற்கும் கன்றுகளின் எண்ணிக்கையை அறிவிக்கச் சொல்லுங்கள். ஒருமுறை அதற்கு ஒத்துக்கொண்ட நிர்வாகம், அடுத்த முறை பெரிய எண்ணைக் கேட்பதில்லை.

4. தேதியை மண் முடிவு செய்யட்டும்

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் என்பதால் பல நிறுவனங்கள் அன்றுதான் நட விரும்புகின்றன. உங்கள் பகுதியில் அப்போது மண் காய்ந்து கிடந்தால் அன்று கருத்தரங்கோ விதை சேகரிப்போ நடத்துங்கள். நடுவதை மழைக்குத் தள்ளிவையுங்கள்.

முதல் மழைக்கே கிளம்பிவிடவும் வேண்டாம். ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். அடிவரை ஈரம் இறங்கியிருந்தால் சரியான நேரம். கையில் எடுத்த மண் சேறாக வழிந்தால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். சேற்றில் மிதித்து நட்ட களிமண், காய்ந்ததும் செங்கல்போல இறுகிவிடும்.

மாற்றுத் தேதி ஒன்றையும் அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள். முதல் தேதி தவறினால் எல்லாம் வீண் என்ற பதற்றத்தில்தான் தகாத நாளில் நட்டுவிடுகிறோம்.

5. கன்றின் உயரத்தைப் பார்க்காமல் வேரைப் பாருங்கள்

உயரமான கன்று படத்தில் எடுப்பாக இருக்கும். ஆனால் சிறிய பையில் நெடுநாள் இருந்து நெட்டையாக வளர்ந்த கன்றின் வேர், போக இடமில்லாமல் பைக்குள்ளேயே வட்டமடித்திருக்கும். அந்த வட்டத்தை அவிழ்க்காமல் நட்டால், தண்டு பருக்கும்போது வேரே கழுத்தை நெரிக்கும். நான்கைந்து ஆண்டு கழித்து மரம் காற்றில் சாயலாம், காரணம் தெரியாமல் வாடலாம்.

நர்சரியில் ஒரு பையை அவிழ்த்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். மண்கட்டி உடையாமல், வெளிப்புறம் வெண்ணிற இளவேர் தெரிந்தால் நல்ல கன்று. தண்டு குச்சியின் துணையில்லாமல் தானாக நிற்க வேண்டும்.

அந்த மண்ணுக்குச் சொந்தமான வகைகளையே கேளுங்கள். ஒரே வகையை வாங்காமல் பல வகை கலந்து வாங்குங்கள், ஒரு பூச்சியோ நோயோ வந்தால் எல்லாம் ஒன்றாகப் போகாது. முழு வளர்ச்சியில் எவ்வளவு உயரம், எவ்வளவு விரிவு என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நிழல்வலைக்குள் வளர்ந்த கன்றைத் திடீரென்று வெயிலில் நட்டால் இலை கருகும். இரண்டு வாரம் முன்பிருந்தே சிறிது சிறிதாக வெயிலில் பழக்கச் சொல்லிக் கேளுங்கள். மாற்றுக்காகப் பத்தில் ஒரு பங்கு கன்றை அதிகம் சொல்லிவைத்து, அவற்றை நர்சரியிலேயே விட்டுவையுங்கள்.

ஏற்றிவரும் வண்டியை மூடியிருக்க வேண்டும். திறந்த வண்டியின் காற்றில் சில மணி நேரத்திலேயே இலைகள் வாடிவிடும். முந்தைய நாள் இறக்கி, நிழலில் நிறுத்தி, மாலையில் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். ஈரமான மண்கட்டி கையாளும்போது உதிராது.

6. குழிகளை ஒரு வாரம் முன்பே வெட்டி முடியுங்கள்

தன்னார்வலர்களே குழி வெட்டட்டும் என்ற ஆசையை நானும் வைத்திருந்தேன். பழக்கமில்லாத கைகள் முதல் குழியை அழகாக வெட்டும். இரண்டாவதில் கொப்புளம் வரும். மூன்றாவது குழி பாதி ஆழத்தில் நின்றுவிடும், கன்று அதில் திணிக்கப்படும். கூலிக்கு வெட்டுபவர்களை வைத்து முன்பே முடித்துவிடுங்கள்.

அகலம் நாற்றுப்பையைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். புதுவேர் பெரும்பாலும் மேல்மண்ணில் பக்கவாட்டில்தான் ஓடும், இளகிய மண் அங்கேதான் வேண்டும். ஆழம் பையின் உயரம் போதும். அடியில் பாறைபோல் இறுகிய நிலமென்றால் இன்னும் ஆழமாகக் கொத்தி இளக்கி, அதே மண்ணைப் போட்டு மிதித்து, நடும் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மிதிக்காமல் விட்டால் முதல் மழையில் மண் அமிழும், கன்றும் கூடவே இறங்கும்.

களிமண்ணில் இயந்திரத் துளைப்பானால் தோண்டினால் குழியின் சுவர் பூசிவிட்டதுபோல் வழவழப்பாகும். வேர் அதைத் துளைக்க முடியாமல் பானைக்குள் சுற்றுவதுபோலச் சுற்றும். கடப்பாரையால் சுவரைக் கீறிவிடுங்கள்.

மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனிக் குவியலாக வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு குச்சி நட்டு எண் எழுதுங்கள். எந்த எண்ணில் எந்த வகை என்பதையும் நீங்களே முடிவு செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிரமாண்டமாக வளரும் மரம் மின்கம்பிக்கடியில் போய் நிற்கும். திறந்த குழிகளுக்குக் கயிறு கட்டி எச்சரிக்கை வையுங்கள்.

7. குழுத் தலைவர்களுக்கு முந்தைய நாளே பயிற்சி

அறுபது பேருக்கு ஒருவர் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொடுத்தால், பின்வரிசைக்கு ஒன்றும் போய்ச் சேராது. குழுவுக்கு ஒருவரை முந்தைய நாள் மாலை வரவழையுங்கள். ஆளுக்கு மூன்று கன்று நடச் சொல்லுங்கள். பிறகு அதில் ஒன்றைத் தோண்டியெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தண்டு எவ்வளவு புதைந்திருந்தது, மண்ணுக்குள் எங்கே வெற்றிடம் இருந்தது என்று தன் கையாலேயே கண்டவர் மறுநாள் அதை விடமாட்டார். நான் கண்ட பயிற்சிகளில் இதற்கு ஈடு இல்லை.

குழுவுக்கு ஒரு பொதி கட்டுங்கள்: இரண்டு மண்வெட்டி, ஒரு வாளி, ஒரு நேரான குச்சி, கையுறைகள், காலிப் பைகளுக்கு ஒரு சாக்கு. கத்தி குழுத் தலைவரிடம் மட்டும் இருக்கட்டும். முதலுதவிப் பெட்டி, நிழல், குடிநீர், கழிப்பறை ஆகியவற்றை நீங்களே நேரில் பாருங்கள். வருகிறவர்களுக்கு மூடிய காலணி, முழுக்கைச் சட்டை, தொப்பி என்று முன்பே சொல்லிவிடுங்கள். செருப்போடு வந்தவருக்கு மண்வெட்டி கொடுக்காதீர்கள், மூடாக்கு சேர்க்கும் வேலை கொடுங்கள்.

8. காலையில் முதலில் செய்முறை, கடைசியில் உரை

வெயில் ஏறுவதற்குள் நட்டு முடிக்க வேண்டும். உரைகளை முதலில் வைத்தால் குளிர்ந்த நேரம் முழுக்க அதிலேயே போய்விடும். அதிகாரிகளிடம் முன்பே மரியாதையாகச் சொல்லி, உரையையும் குழுப்படத்தையும் கடைசிக்குத் தள்ளுங்கள். வேலை செய்து மண்படிந்த கைகளோடு கேட்கும்போது உரையும் நன்றாகக் கேட்கும்.

பத்து நிமிடத்தில் ஒரு கன்றை முழுமையாக நட்டுக் காட்டுங்கள். மண்வெட்டியை ஓங்குபவரிடமிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், ஒரு குழியில் ஒருவர்தான் வெட்ட வேண்டும், கருவியைத் தரையில் வைத்தால் வாய்ப்பகுதி கீழ்நோக்கி இருக்க வேண்டும். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரும் நிழலுக்கு வந்து தண்ணீர் குடிக்கட்டும்.

9. கன்றை நடுவது

அ. கன்றைப் பையைப் பிடித்துத் தூக்குங்கள். தண்டைப் பிடித்துத் தூக்கினால் மண்கட்டியின் எடை இளவேர்களை அறுத்துவிடும்.

ஆ. வேர்க்கழுத்தைத் தேடுங்கள். தண்டு அகன்று முதல் வேர் பிரியும் இடம் அது. நர்சரியில் மேலே மண் கூடிப்போய் மறைந்திருக்கலாம், விரலால் விலக்கிப் பாருங்கள். இனி எல்லா அளவும் இந்த இடத்திலிருந்துதான்.

இ. குழியின் குறுக்கே குச்சியை வைத்து, பையோடு கன்றை இறக்கிப் பாருங்கள். வேர்க்கழுத்து குச்சியின் மட்டத்திலோ சற்று மேலேயோ இருக்க வேண்டும். புதியவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் ஆழமாகப் புதைப்பதுதான். ஆழமாக நட்டால் உறுதியாக நிற்கும் என்று நினைக்கிறார்கள். மண்ணுக்குள் போன தண்டின் பட்டை ஈரத்தில் அழுகும், வேருக்குக் காற்று கிடைக்காது.

ஈ. பையின் அடியையும் பக்கவாட்டையும் கத்தியால் கீறி முழுவதுமாக எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பையோடு நட்ட கன்றுகளை நான் தோண்டி எடுத்திருக்கிறேன். ஓராண்டுக்குப் பிறகும் வேர் பைக்குள்ளேயே இருந்தது. பையைச் சாக்கில் போடுங்கள், அதற்குப் பின்னால் ஒரு வேலை இருக்கிறது.

உ. சுற்றியிருக்கும் வேரை விரலால் பிரித்து வெளிப்புறமாக விடுங்கள். பிரியாத தடித்த வட்டவேரைக் குழுத் தலைவர் வெட்டிவிடட்டும்.

ஊ. கன்றை நேராக நிறுத்தி, முதலில் மேல்மண்ணைப் போடுங்கள். நன்றாக மக்கிய உரம் இருந்தால் மேற்பரப்பு மண்ணில் கொஞ்சம் கலக்கலாம். மக்காத சாணம் வேண்டாம். அது குழிக்குள் சூடேறி வேரைக் கருக்கும், கரையானையும் அழைக்கும். ரசாயன உரமும் அன்று தேவையில்லை.

எ. பாதி நிரம்பியதும் கையால் அமுக்கி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். வேருக்கும் மண்ணுக்கும் இடையே இருக்கும் வெற்றிடத்தைத் தண்ணீர்தான் நன்றாக மூடும். பிறகு மீதி மண். குதிகாலால் ஓங்கி மிதிக்காதீர்கள், மண் இறுகிவிடும்.

ஏ. குழியின் விளிம்பை ஒட்டிக் கரை எழுப்பி வட்டப்பாத்தி கட்டுங்கள். சரிவான நிலத்தில் கீழ்ப்பக்கம் மட்டும் பிறைபோலக் கரை போட்டால் மழைநீர் நிற்கும். மறுபடி தண்ணீர் ஊற்றுங்கள்.

ஐ. காய்ந்த இலை, வைக்கோல், புல் எது கிடைக்கிறதோ அதை நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். ஈரம் நிற்கும், களை குறையும். தண்டைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள். தண்டோடு குவித்தால் அங்கேயும் அழுகல்தான்.

ஒ. தானாக நிற்கும் கன்றுக்கு முட்டுக்கொம்பு வேண்டாம். காற்றில் லேசாக ஆடும் தண்டுதான் பருக்கும். சாய்கிறது என்றால் மட்டும் கொம்பு ஊன்றி, எட்டு வடிவில் தளர்வாக, மென்மையான துணி நாடாவால் கட்டுங்கள். கம்பியும் நைலான் கயிறும் பட்டையை அறுக்கும்.

10. பார்த்த பிறகே நாடா

ஒவ்வொரு கன்றையும் அதை நடாத வேறொருவர் பார்க்க வேண்டும். வேர்க்கழுத்து தெரிகிறதா, நேராக நிற்கிறதா, லேசாக இழுத்தால் அசையாமல் இருக்கிறதா, பாத்தியும் மூடாக்கும் உண்டா? நான்கும் சரியென்றால் எண் எழுதிய நாடாவைக் குச்சியில் கட்டுங்கள். தவறென்றால் அந்தக் குழுவையே கூப்பிட்டு, அவர்களோடு சேர்ந்து சரிசெய்யுங்கள். நீங்களே சரிசெய்துவிட்டுப் போனால் அடுத்த ஐந்தும் அப்படியேதான் வரும்.

11. கிளம்பும் முன்

சாக்கில் உள்ள காலிப் பைகளை எண்ணுங்கள். நட்ட கன்று 90 என்றால் பையும் 90 இருக்க வேண்டும். 87 இருந்தால் மூன்று கன்று பையோடு புதைந்திருக்கலாம், அன்றே தேடுங்கள்.

கருவிகளை எண்ணுங்கள். மிஞ்சிய குழிகளை மூடுங்கள். குழி எண், வகை, நட்ட குழு மூன்றையும் ஒரு வரைபடத்தில் குறித்து, தண்ணீர் ஊற்றப்போகிறவரை அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் அவர் கையில் கொடுங்கள். நட்டவர்கள் அவரைப் பார்த்திருக்க வேண்டும், அவருக்கும் அவர்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

12. அடுத்த மாதங்கள்

நட்ட ஒரு வாரத்துக்குள் ஒருமுறை நேரில் போங்கள். மண் அமிழ்ந்து கன்று சாய்ந்திருந்தால் அப்போது நிமிர்த்துவது எளிது. வேலியும், கன்றைச் சுற்றிக் கூண்டு வைத்திருந்தால் அதுவும் உறுதியாக நிற்கின்றனவா என்று பாருங்கள், மேய்ச்சல் உள்ள இடத்தில் ஒரே இரவில் பாதிக் கன்று போய்விடும்.

தண்ணீரைத் தினமும் சிறிது என்று தெளிக்காமல், இடைவெளி விட்டு ஆழமாக ஊற்றச் சொல்லுங்கள். மேலே மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே தங்கிவிடும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவது நல்ல வழக்கம். மழை பெய்த வாரத்தில் விட்டுவிடலாம்.

முதல் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என எண்ணிக்கை எடுங்கள். நட்ட குழுவிலிருந்து சிலரை ஒவ்வொரு முறையும் உடன் அழைத்துப் போங்கள், களை எடுப்பதும் மூடாக்கைப் புதுப்பிப்பதும் அன்றே முடியும். இலை உதிர்ந்து மொட்டையாக நின்றால் பட்டுப்போனது என்று உடனே பிடுங்காதீர்கள். நகத்தால் பட்டையை லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறதா பாருங்கள். பச்சை இருந்தால் அது இன்னும் முயல்கிறது, தண்ணீர் தொடரட்டும். காய்ந்த பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே, தரையை ஒட்டி ஒருமுறை கீறிப் பாருங்கள். அங்கும் பழுப்பு என்றால்தான் பிடுங்க வேண்டும்.

பிடுங்கிய கன்றின் வேரைப் பார்க்காமல் எறியாதீர்கள். புதைந்த தண்டா, பிரிக்காத வட்டவேரா, கரையானா, வெறும் வறட்சியா என்று வரைபடத்தில் அந்த எண்ணுக்கு எதிரே எழுதுங்கள். நர்சரியில் விட்டுவைத்த மாற்றுக் கன்றுகளை அடுத்த மழையில் அந்தக் காலி எண்களில் நடும்போது, அந்தக் குறிப்பை முதலில் வாசித்துக்காட்டிவிட்டுப் பிறகு மண்வெட்டியைக் கொடுங்கள்.